நான்கு அங்குலமும் மூன்றரை அங்குலமும்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். சிரம்பானில், மரத் தொழிலோடு தொடர்புடைய ஓர் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் நான் மூத்த அதிகாரி. பிரிவுத் தலைவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. பொருளியலில் பட்டம் பெற்றவன். என் மேற்பார்வையில் வெளிவந்த காலாண்டு அறிக்கை எதிலும் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டப்பட்டதில்லை. அச்சான பிறகு தவறு தெரிய வந்தால், விரல் அகலத்தில் ஒரு தாளை அச்சிட்டு முதல் பக்கத்தில் ஒட்டுவது எங்கள் வழக்கம். மற்றப் பிரிவுகளின் அறிக்கைகளில் அத்தகைய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறேன். அந்த மௌனத்தில் கர்வம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட வெளிநாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதும் காரணம் மட்டும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற அலுவலர் சங்கம் இவ்வாண்டு வெளியிட்ட மலரில் என்னைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்திருக்கிறது. அதில் லாபு மரக்கிடங்கு குறித்து ஒரு பத்தி உண்டு. அதைப் படித்துவிட்டு இப்போது பணியில் இருக்கும் சிலர், நடந்ததை விவரமாகச் சொல்லும்படி தொலைபேசியில் கேட்டார்கள். வாயால் சொன்னால் அது கைக்குக் கை மாறி வேறொன்றாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

நான் லாபுப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பெரிய கிராணியின் மகன். கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தின் எழுத்தர்; ஆனால் அந்தச் சொல்லுக்கு அக்காலத்துத் தோட்டத்தில் இருந்த கனம் வேறு. நாங்கள் தனி வீட்டில் இருந்தோம். பால்வெட்டுத் தொழிலாளர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிவங்களை அடுக்கினேன், கூட்டினேன், மறுபடி கூட்டினேன். ஆலை ஆலையாக அலைந்து வன்மரத்தின் வகைகளை முகர்ந்தே சொல்லப் பழகினேன். எங்கள் நாட்டு வன்மரத்தில் நான்குக்கு இரண்டு அங்குலப் பலகை என்றால் அது நான்குக்கு இரண்டேதான். சில ஆலைகளில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாகவே அறுப்பார்கள். இதை நினைவில் வையுங்கள். என் வீழ்ச்சி இந்த அறிவிலிருந்துதான் வந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் புவான் சலேஹா; மலாயில் பெண்களை மரியாதையாகப் புவான் என்றும் ஆண்களை என்சிக் என்றும் அழைப்பார்கள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய மேசையில் தாள், பென்சில், கண்ணாடிக் குவளை இவை மூன்றைத் தவிர வேறெதுவும் இருக்காது. நாம் பேசும்போது பென்சிலைக் கையில் வைத்திருப்பார். நாம் சொல்வதில் ஐயம் ஏற்பட்டால் பென்சிலை மேசையின் விளிம்புக்கு இணையாக, மிகப் பொறுமையாக, கீழே வைப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை வேறெதுவும் பேச மாட்டார். நம் முகத்தைப் பார்க்கவும் மாட்டார். பென்சிலைத்தான் பார்ப்பார். திட்டுகிற அதிகாரிகளிடம் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பயம் புரியாது. பென்சில் கீழே வைக்கப்படும் அந்தச் சிறு ஓசையை நான் இன்றும் சில வேளைகளில் கேட்கிறேன்.

ஒருநாள் அவர் என்னை அழைத்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார். பைன் மரப் பலகைகளை நமக்கு அனுப்பும் நாட்டிலிருந்து, எங்களைப் போன்ற ஓர் அலுவலகம் எழுதியிருந்தது. மிகவும் மரியாதையான கடிதம். தாங்கள் அனுப்பியதாகப் பதிந்திருக்கும் மென்மரத்தின் கன அளவுக்கும், நாங்கள் பெற்றதாக வெளியிட்டிருக்கும் அளவுக்கும் இடையே வேறுபாடு காணப்படுகிறது. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டுக் காரணம் கூற இயலுமா என்று கேட்டிருந்தார்கள்.

"என்சிக், இது உங்கள் வேலை," என்றார். அவ்வளவுதான்.

ஒரு நாடு அனுப்பியதும் மற்றொரு நாடு பெற்றதும் ஒரே அளவாக இருக்கும் என்று வெளியார் எண்ணுவது இயல்பு. அப்படி இருந்ததை நான் பார்த்ததே இல்லை. கப்பல் ஒரு மாதத்தின் கடைசியில் கிளம்பி அடுத்த மாதத்தில் வந்து சேரும். அவர்கள் கணக்கில் அது முன்மாதம், நம் கணக்கில் பின்மாதம். சில சரக்கு சிங்கப்பூரில் இறங்கி மாறி வரும்; அவர்கள் பட்டியலில் அது சிங்கப்பூருக்குப் போனது, நம் பட்டியலில் அவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் செதுக்கிய பலகை என்று வகைப்படுத்தியதை நாம் அறுத்த பலகை என்று வகைப்படுத்தியிருப்போம். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, கூட்டி, மாதங்களை நகர்த்தி, கடைசியில் மிஞ்சுவது என்ன என்று பார்ப்பதே முறை. விலையை நம்பக் கூடாது. கன அளவைத்தான் நம்ப வேண்டும். பதினொரு நாள் இதைச் செய்தேன். மாதங்களை நகர்த்தியதும் கொஞ்சம் குறைந்தது. சிங்கப்பூரைக் கழித்ததும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதன் பிறகு அசையவில்லை.

அந்த வகைப் பலகையை அந்த நாட்டிலிருந்து வரவழைத்தவை மூன்றே கிடங்குகள். மூன்றும் எங்கள் மாநிலத்தில் இருந்தன: தம்பினில் ஒன்று, நீலாயில் ஒன்று, லாபுவில் ஒன்று. மூன்றும் மாதந்தோறும் எங்களுக்குப் படிவம் அனுப்பும். தம்பின் படிவத்தைக் கப்பல் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன், இம்மியும் பிசகவில்லை. நீலாயும் அப்படியே. லாபுவில் மட்டும், மாதத்துக்கு மாதம், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக மரம் காணாமல் போயிருந்தது.

லாபுக் கிடங்கு ஒரு பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில், செம்பனைகளுக்கு நடுவே இருந்தது. பைன் பலகையை இறக்கி, சரக்கு அடுக்கும் தட்டுகள் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பார்கள். படிவத்தின் அடியில், 'அளந்தவர்' என்ற இடத்தில் ஒரே கையெழுத்து: சு. மணியம்.

அவரை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி சுப்பையாவின் மகன். என் வயதுக்காரர். சிறுவயதில் நான் அவரை 'வாடா' என்று அழைத்தவன். அவர் என்னை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. சுப்பையாவைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. பால் நிறுக்கும் இடத்தில் என் தந்தை வாளிகளை நிறுத்து, பாலில் தண்ணீர் இவ்வளவு என்று கழித்துப் பேரேட்டில் எழுதுவார். சுப்பையா ஒருநாள் கோடுகள் கீறிய ஒரு குச்சியைக் கொண்டு வந்து, தம் வாளியில் விட்டு அளந்து பார்த்து, "ஐயா, நீங்க கழிக்கிறது எங்க இருக்குன்னு இதுல காட்டுங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் தந்தையும் சிரித்தார். பேரேட்டில் எழுதியது மாறவில்லை. மணியம் அப்போது அங்கே நின்றிருந்தார். நானும் நின்றிருந்தேன்.

எனக்கு அவர் மேல் பகை ஏதும் இல்லை. எண்கள் சொன்னதை எழுதினேன். 'லாபுக் கிடங்கில் தொடர்ந்து காணப்படும் குறைவுக்கு விளக்கமில்லை. இது அறிவிக்கப்படாத சரக்காக இருக்கக்கூடும்' என்பது என் அறிக்கையின் கடைசி வாக்கியம். புவான் சலேஹா அதை இரண்டு முறை படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அளவை முறையைச் சரிபார்த்தீர்களா?"

"படிவம் நானே எழுதியது, புவான்."

உண்மைதான். முன்பெல்லாம் கிடங்குக்காரர்கள் சரக்கைப் பார்க்காமலே, வந்த காகிதத்தைப் பார்த்து அளவை எழுதி அனுப்பிவிடுவார்கள். அதைத் தடுக்க, 'சரக்கை நேரில் அளந்து, அளந்ததை மட்டும் எழுதுக' என்ற வரியைப் படிவத்தில் சேர்த்தவன் நான். அந்த வரிக்காக ஒரு கூட்டத்தில் பாராட்டப்பட்டவனும் நான். புவான் சலேஹா பென்சிலை மீண்டும் எடுத்தார். அறிக்கை அமலாக்கப் பிரிவுக்குப் போயிற்று; ஒப்பீடு அந்தக் காலாண்டு அறிக்கையிலும் அச்சாயிற்று.

அடுத்த வாரமே இரண்டு அதிகாரிகள் லாபுவுக்குப் போனார்கள். பதிவேடுகளைக் கட்டி எடுத்து வந்தார்கள். கிடங்கின் முதலாளி தம்மைக் காத்துக்கொள்ள, அளக்கும் பொறுப்பு முழுவதும் மணியத்தினுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். வருகிற வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மணியம் விசாரணைக்கு வர வேண்டும் என்று கடிதம் போயிற்று. வாக்குமூலத்தில் விளக்கம் இல்லையென்றால் அன்றே தடுத்து வைக்கப்படலாம் என்று அமலாக்கப் பிரிவில் ஒருவர் என்னிடம் இயல்பாகச் சொன்னார், தேநீர் குடித்துக்கொண்டே.

திங்கட்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சிரம்பானின் ரஹாங் பகுதியில் என் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"சார், நான் மணியம் சம்சாரம், சரோஜா. பசியாறிட்டீங்களா? நேரமில்லன்னா இப்படியே நிக்கிறேன்."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ரெஜிஸ்டர் எல்லாம் கொண்டு போயிட்டாங்க சார். இது அவரு பாக்கெட்டுல வச்சிருக்கிற நோட்டு. அளக்கிறப்ப இதுலதான் மொதல்ல எழுதுவாரு. பெரிய கிராணி மவன்கிட்ட குடு, படிச்சவரு, பாத்தா புரியும்னு சொன்னாரு."

வாங்கிக்கொண்டேன். ஐந்து சிறிய நோட்டுகள்.

"மேல யாரோ பெரியவங்க எழுதிட்டாங்களாம், இவரு மரத்த மறைச்சிட்டாருன்னு," என்றார். "அவங்க மரத்த கண்ணால பாத்திருப்பாங்களோ என்னமோ. வீட்டுல ஒரு ஆணி கூட கூடுதலா இல்ல சார். எங்க கொண்டு போயி மறைக்கிறது அவ்ளோ மரத்த? என் சேலைக்குள்ளயா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. எழுதியவன் நான் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அவர் போனபின் நின்றபடியே முதல் நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில்: 'படிவத்துல போட்டிருக்கிறது: அளந்தத மட்டும் எழுதணும். காயிதத்துல இருக்கிறத எழுதக் கூடாது.' அடியில் இரண்டு கோடு. அடுத்த பக்கத்திலிருந்து கட்டு எண்ணும், துண்டு எண்ணிக்கையும், நீளமும், அகலமும், கனமும். அகலம் மூன்றரை. கனம் ஒன்றரை. மூன்றரை, ஒன்றரை. பக்கம் பக்கமாக, ஐந்து நோட்டிலும், அதே இரண்டு எண்கள்.

நான்குக்கு இரண்டு என்று எங்கும் இல்லை.

அன்று பிற்பகல், வேறு வேலை என்று எழுதி வைத்துவிட்டு, லாபுவுக்குக் காரை ஓட்டிப் போனேன். கிடங்கில் ரம்பங்கள் ஓடிக்கொண்டிருந்தன. புள்ளிவிவர அதிகாரி என்றதும் காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. பிரிக்காத கட்டு ஒன்றின் முன் நின்றேன். கட்டின் தலைப்பில் ஒட்டியிருந்த சீட்டில் தெளிவாக, 4க்கு 2 என்றிருந்தது. டேப்பை எடுத்து ஒரு பலகையின் மேல் வைத்தேன். மூன்றரை. கனம் ஒன்றரை. இன்னொன்று. அதுவும் அப்படியே. வெவ்வேறு கட்டுகளில் பதினொரு பலகைகள் அளந்தேன். பதினொன்றும் ஒன்றே.

பக்கத்தில் ஒரு முதிய தொழிலாளி கையுறையைக் கழற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சார் தேடுறீங்க? நாலு இஞ்சா? இந்த மரத்துல கெடைக்காது லா. ஈரத்துல அறுக்கிறப்பதான் நாலு. காஞ்சு, இழைச்சு வர்றப்ப மூணரைதான். பேரு மட்டும் நாலு. கப்பல்காரன் பேருக்குத்தான் கணக்குப் போடுவான்."

அந்தக் கிடங்கின் ஒரு கூலித் தொழிலாளிக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு கடித உறையின் பின்புறத்தில் கணக்கிட்டேன். நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. மூன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் ஐந்தே கால். எட்டில் இரண்டே முக்கால் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். காணாமல் போன மரம் அவ்வளவும் என் முன்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அது எங்கும் போகவேயில்லை.

தம்பினும் நீலாயும் ஏன் பிசகாமல் இருந்தன என்பதும் அப்போதே விளங்கியது. அவர்கள் என் வரியை மதிக்கவில்லை. பழையபடி, சீட்டைப் பார்த்து நான்கு, இரண்டு என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று கிடங்குகளில் என் கட்டளையை அப்படியே நிறைவேற்றியவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் திருடன் என்று எழுதியிருந்தேன்.

பின்னால் பலகை தூக்கும் வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. உறை கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில், இருபுறமும் செம்பனைகள் சாலையை இருட்டாக்கும் இடத்தில், வேகத்தைக் குறைத்தேன். காரை ஓரத்தில் நிறுத்தினேன். மணியத்தை எண்ணி அல்ல. இதை ஒளிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். அப்போது நான் எண்ணியது அந்த விரல் அகலச் சீட்டை. புவான் சலேஹா அவ்வாண்டு ஓய்வு பெறவிருந்தார். அவருக்குப் பின் யார் என்ற பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் செய்யவில்லை. நோட்டுகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. பதிவேடுகளில் கன அளவு மட்டுமே உண்டு. அகலமும் தடிமனும் தனித்தனியாக இருந்தது இந்த நோட்டுகளில் மட்டும்தான் என்பதை நான் அறிந்திருந்தேன். அப்படி அறிந்திருப்பதே எனக்கு அச்சமூட்டியது. இழுப்பறையைப் பூட்டினேன். பூட்டியதும், ஏன் பூட்டினேன் என்று என்னையே கேட்டேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்தால் கனத்தது. மேசையில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அமலாக்கப் பிரிவு என்று எண்ணினேன். இன்னொரு முறையாவது சரிபார்க்க வேண்டும், அந்த நாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் வரட்டும் என்று எனக்கு நானே முறைகளைச் சொல்லிக்கொண்டேன். எல்லாமே சரியான முறைகள். எல்லாமே வியாழக்கிழமைக்குப் பின்னால் முடியும் முறைகள்.

புதன்கிழமை பசியாற வழக்கமான கடைக்குப் போனேன். மூலை மேசையில் லாபுக்காரர்கள் இருவர் மணியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவங்கப்பன் குச்சி வச்சு அளந்தான். இவன் டேப்பு வச்சு அளந்தான். ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க," என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். தோசையைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு மணியமே அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. பார்வையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நோட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் சார். ரெண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"உட்காருங்க மணியம்," என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவரைப் பன்மையில் அழைத்தது அதுவே முதல் முறை. அவர் அதைக் கவனித்தார்.

"சரோஜாவுக்குத் தெரியாது," என்றார். "எனக்குத் தெரியும். மொதலாளி காட்டின கடுதாசில உங்க கையெழுத்துப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா நோட்ட எங்கிட்ட அனுப்பினீங்க?"

"வேற யாருக்கு அனுப்புறது? எழுதினவருக்குத்தானே திருத்தத் தெரியும்." என் மேசையைப் பார்த்தார். பிறகு, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் கேட்டார்: "நோட்டு இருக்கா சார், இல்ல தண்ணின்னு கழிச்சிட்டீங்களா?"

நான் வாழ்க்கையில் பெற்ற ஏச்சுகளில் இதுவே கடுமையானது. அவர் குரலை உயர்த்தவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். ஐந்து நோட்டுகளையும் எடுத்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. "இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு, அவற்றை எடுத்துக்கொண்டு புவான் சலேஹாவின் அறைக்குப் போனேன்.

கதவைத் தட்டி உள்ளே போனேன். நோட்டுகளையும், உறையின் பின்புறக் கணக்கையும் அவர் முன் வைத்தேன். பெயரளவு, உண்மை அளவு என்று இரண்டு உண்டு என்பதையும், அவர்கள் நாடு பெயரளவில் எழுதுகிறது, மணியம் உண்மை அளவில் எழுதினார் என்பதையும் சொன்னேன். இரு நாட்டு எண்களுமே சரி. ஒப்பிட்டதுதான் தவறு என்றேன். அவர் மூன்று நோட்டுகளைப் புரட்டினார். தமிழ் எழுத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். பென்சில் கீழே இறங்கியது.

"அளந்ததை மட்டும் எழுது என்பது யாருடைய வாசகம்?"

"என்னுடையது, புவான்."

"எந்த அளவு என்று அதில் இருக்கிறதா?"

"இல்லை."

பென்சிலை இன்னும் சற்று நேராக்கினார். "இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்று காலை என்று சொல்லலாம், யாருக்கும் தெரியாது. வெளியே மணியம் உட்கார்ந்திருந்தார். நோட்டு என்றைக்கு என் கைக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"திங்கட்கிழமை," என்றேன்.

"மூன்று நாள்," என்றார். தொலைபேசியை எடுத்து அமலாக்கப் பிரிவைக் கூப்பிட்டார். பேசும்போதும் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தபின், "காலாண்டு அறிக்கைக்குப் பிழைத்திருத்தச் சீட்டு வேண்டும். நீங்களே எழுதுங்கள்," என்றார்.

அங்கேயே நின்று எழுதினேன். 'அளவைக் குறிப்பில் இருந்த தெளிவின்மையால் லாபுக் கிடங்கின் எண்கள் ஒப்பீட்டில் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டன' என்பது என் வாசகம். நல்ல வாசகம், அதில் ஆளே இல்லை. அவர் பென்சிலை எடுத்து 'தெளிவின்மையால்' என்ற சொல்லை அடித்தார். மேலே, 'குறிப்பைத் தயாரித்த மூத்த அதிகாரியின் பிழையால்' என்று எழுதினார். எங்கள் பிரிவில் மூத்த அதிகாரி ஒருவர்தான். சீட்டு அப்படியே அச்சாகி, அப்படியே ஒட்டப்பட்டது.

ஒரு மணிக்கு விசாரணைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. வெளியே வந்து சொன்னேன். மணியம் தலையை ஆட்டினார். "அப்ப நோட்டு?" என்றார். அமலாக்கப் பிரிவு பார்த்த பின் திரும்பக் கிடைக்கும் என்றேன். "எண்ணி வாங்கிக்கிறேன், அஞ்சு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் அதற்குள் கீழே போய்விட்டார்.

அடுத்த வாரம் கிடங்கு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைமைப் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

படிவத்தைத் திருத்தி எழுதும் வேலையும் என்னிடமே தரப்பட்டது. இப்போது அதில் இரண்டு கட்டங்கள் உண்டு: சீட்டில் உள்ள அளவு, டேப்பில் கண்ட அளவு. முதல் பிரதியை நானே லாபுவுக்குக் கொண்டு போனேன். மணியம் ஒரு கட்டின் மேல் வைத்து அதை நிதானமாகப் படித்தார். வெயில் அவர் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு கட்டம் போட்டிருக்கீங்க," என்றார். "பரவால்ல. எங்கப்பா காலத்துல ஒரு கட்டந்தான் இருந்துச்சு. அதுவும் உங்கப்பா கையில." பிறகு டேப்பின் நுனியை என் பக்கம் நீட்டினார். "அந்தப் பக்கம் புடிங்க சார்." பிடித்தேன். மூன்றரை.

இப்போது மலருக்கு வருகிறேன். 'லாபுவில் நடைபெற்ற மென்மரக் கடத்தலைத் தம் கணக்குத் திறனால் வெளிக்கொணர்ந்தவர்' என்று அதில் அச்சாகியிருக்கிறது. லாபுப் பக்கத்தில் சிலர் வேறொன்று சொல்வதாகவும் கேள்விப்படுகிறேன்: கிராணி மகன் மனமிரங்கிப் பால்வெட்டுக்காரர் மகனைக் காப்பாற்றினார் என்று. இரண்டும் தவறு. லாபுவில் கடத்தல் நடக்கவில்லை. மணியம் அளந்தது சரி. படிவத்தில் அந்த வரியை எழுதியவனும், அவர் மேல் அந்தச் சந்தேகத்தை எழுதியவனும் நான். உண்மை தெரிந்த பிறகும் மூன்று நாள் அந்த நோட்டுகளை இழுப்பறையில் வைத்திருந்தவனும் நான்.